கட்டுரைக்கு ஒரு வரி கேட்டு ஜெபித்தேன்

ஒரு வரிக்காகவா ஜெபித்தாள் என்று சபையார் சிரிக்கலாம். சிரியுங்கள். நானும் சிரித்திருப்பேன்.

ஊர் தூத்துக்குடிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டல், பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ். போன பிப்ரவரியில் அப்பா இறந்தார். ஐந்தாம் நாளே தொழிற்சாலை லைனில் வேலைக்கு நின்றேன். அழுகை வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், ஸ்க்ரூ முடுக்கினேன். முழங்காலிட்டால் வாய் மட்டும் அசைந்தது. அப்பா மேல் எனக்குப் பாசமே இல்லையோ என்று பயந்தேன்.

அப்போதுதான் பாடத்துக்காகச் சிறுகதைத் திறனாய்வுக் கட்டுரை எழுத வேண்டி வந்தது. கணவனை அடக்கம் செய்த மறுநாளே களையெடுக்கப் போகும் ஒருத்தியின் கதை. கட்டுரை முழுக்க நிரூபிக்க வேண்டிய மையக்கருத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். "இக்கதை பெண்ணின் துயரத்தைச் சிறப்பாகச் சொல்கிறது" என்றேன். திரும்பி வந்தது. "கணவன் இறந்த மறுநாளே அவள் வேலைக்குப் போகிறாள்" என்று மாற்றினேன். அதுவும் திரும்பியது. "இது கதைச்சுருக்கம். உங்கள் கருத்து எங்கே?" என்று பேராசிரியை ஓரத்தில் எழுதியிருந்தார். மூன்றாவது முறையும் தவறினால் தாள் போச்சு, பதிவுக்காலமும் முடிகிறது, பட்டமே கிடைக்காது. "எம்மக பட்டதாரி" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அப்பா.

"ஆண்டவரே, ஒரு வரி கொடும்." வேறெதுவும் கேட்கத் தெம்பில்லை.

மறுநாள் ஷிப்டுக்கு முந்தைய கூட்டம். என் இடத்தில் மூன்று பீஸ் ரிஜெக்ட். தப்பு செய்தவரிடம், காரணத்தின் அடி தெரியும்வரை 'ஏன், ஏன்' என்று கேட்பது எங்கள் லைன் வழக்கம். லைன் லீடர் மல்லிகாக்கா பக்கத்து ஊரான வல்லம் வடகால்காரர்.

"இன்னா ஆச்சு?"

"ஸ்க்ரூ லூசுக்கா."

"அதான் தெரியுதே. இன்னா ஆச்சுன்னே சொல்லிக்கினு கீற. ஏன் ஆச்சு?"

"முழுசா முடுக்கலக்கா."

"ஏன்?"

"கை நின்னுட்டு."

"ஏன் நின்னுச்சு?"

"அப்பா நெனப்பு வந்துட்டு. நெனச்சா கை ஓட மாட்டேங்குக்கா. அதான் நெனைக்காமலே இருக்கேன்."

"பலகைல காரணம் சரியா செக் பண்லன்னு எழுதிட்டுப் போ," என்றார் அக்கா. பிறகு மெதுவாக, "டீ டைம்ல என்னாண்ட வா."

பேராசிரியை கேட்டதும் இந்த 'ஏன்'தான். என் இடத்துக்குப் போகும் வழியிலேயே கையுறைப் பெட்டி அட்டையின் பின்புறம் எழுதினேன்: "அழுதால் கை நின்றுவிடும் என்று பயந்தே அவள் களையெடுக்கிறாள், அந்த வேலைதான் அவளுடைய அழுகை."

கட்டுரை தேறியது. கர்த்தருக்கு நன்றி.

அழுகை வந்துவிட்டது என்று சொன்னால் பொய்சாட்சி ஆகும். இன்னும் வரவில்லை. ஆனால் என்னை நானே திட்டுவதை விட்டுவிட்டேன். பெரிதாகக் கேட்கத் தெம்பில்லாதவர்கள் சின்னதாகவே கேளுங்கள், அவர் அதையும் கேட்கிறார். எங்கப்பா மேல் எனக்குப் பாசம் உண்டு. இதை இன்றுதான் வாய்விட்டுச் சொல்கிறேன்.