மோர் நிற நூல்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில், துறைமுகத்துக்கு இறங்கும் தெருமுனையில் தோராவின் கம்பளி நூல் கடை இருந்தது. நாற்பத்தேழு வயது. ஆள் கொஞ்சம் விறைப்பு. கணவன் ஐனார் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினான். மூன்று முறை கரு தரித்தும் ஒன்றுகூடத் தங்கவில்லை. மூன்றாவதுக்குப் பிறகு, தொட்டில் போட வைத்திருந்த சின்ன அறையில் நூல் மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஊரில் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் தொப்பி பின்ன நூல் அவள் கடையில்தான் வாங்குவார்கள். வாங்குகிற அளவைப் பார்த்தே எத்தனையாவது மாதம் என்று தோரா சொல்லிவிடுவாள்.

1974 நவம்பரில் ஒரு பிற்பகல், தலையில் முக்காடிட்ட ஒரு நிறைமாதப் பெண் கடைக்குள் வந்தாள். வார்ப்படச் சாலையில் வேலை செய்யும் துருக்கியர் ஒருவரின் மனைவி. பெயர் நஸ்லி என்பது பின்னால்தான் தெரிந்தது. அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு தோராவின் முகத்தைப் பார்த்து, "மோர்" என்றாள்.

டேனிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு அம்மா என்று பொருள்.

தோரா கையில் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சிரித்துக்கொண்டு மறுபடியும் "மோர்" என்றாள். பிரசவ நேரத்தில் பெற்றவள் பக்கத்தில் இல்லை, பாவம், வாய்விட்டுக் கூப்பிடுகிறாள் என்று தோரா நினைத்துக்கொண்டாள். நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொடுத்தாள். நஸ்லி ஒன்றும் புரியாமல் சாப்பிட்டு முடித்தாள். போகும்போது தோராவின் கையை எடுத்து முத்தமிட்டுத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று சாப்பிடும்போது தோரா அதைக் கணவனிடம் சொன்னாள்.

"நெசமாவா?" என்றான் ஐனார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டா."

ஐனார் அவள் தட்டிலிருந்த உருளைக்கிழங்கையும் தானே எடுத்துத் தோலுரித்து வைத்தான்.

மறுநாள் மதிய இடைவேளையில், வேலை உடுப்போடு நஸ்லியின் கணவன் ஜெலால் வந்தான். அவனுக்கு டேனிஷ் அரைகுறையாக வரும். தன் மனைவி நேற்று நூல் வாங்க வந்ததாகவும், தங்கள் பாஷையில் மோர் என்றால் ஊதா நிறம் என்றும் விளக்கினான். நூல் கேட்டால் இந்த அம்மா ஏன் காப்பி கொடுத்தார்கள் என்று அவள் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். சொல்லிவிட்டு வெள்ளந்தியாகச் சிரித்தான்.

தோராவின் முகம் காது வரை சிவந்துபோயிற்று. "ஊதா இல்ல. தீந்துபோச்சு," என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த இழுப்பறையில் பதினோரு சிட்டம் ஊதா நூல் வளையம் வளையமாக இருந்தது.

நான்கு நாள் அந்த இழுப்பறையை அவள் தொடவில்லை. ஐந்தாம் நாள் ஐனாரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அந்தப் பொண்ணு உன்னை என்ன பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதான் ஆத்திரமா வருது."

"அப்ப நீயே கொண்டுபோய்க் குடு. வேணும்னா நானும் வர்றேன், வாசல்ல நிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகவே போனாள். தொழிலாளர் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த நஸ்லியிடம் பையை நீட்டி, "இருந்துச்சு. நான் பொய் சொல்லிட்டேன்," என்றாள். ஜெலால் வந்து மொழிபெயர்த்தான். நஸ்லி ஏதோ கேட்க, அவன் தயங்கினான்.

"ஏன் பொய் சொன்னீங்கன்னு கேக்கறா."

சொந்தத் தங்கையிடம்கூடச் சொல்லாததை, செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த வாசற்படியில் நின்றபடி தோரா சொன்னாள். மூன்று குழந்தைகள். சின்ன அறை. அன்று அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் உள்ளே என்ன ஆனது என்பது. ஜெலால் தரையைப் பார்த்துக்கொண்டு துண்டு துண்டாக மொழிபெயர்த்தான். நஸ்லி தோராவைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். ஒரு சிட்டத்தைப் பிரித்து அவளுடைய இரண்டு கைகளிலும் மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள். அந்த வேலைக்குப் பேச்சே தேவைப்படவில்லை. பதினோரு சிட்டமும் முடிய மணி நாலு ஆயிற்று. நடுவில் தயிர் சூப் வந்தது. தோரா இரண்டு கிண்ணம் குடித்தாள்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் நஸ்லி கடைக்கு வந்தாள். தோரா பொருளைத் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்லுவாள், நஸ்லி திருப்பிச் சொல்லுவாள். டிசம்பரில் வலி எடுத்தபோது தோராவும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நீங்கள் யார் என்று தாதி கேட்டதற்கு, "பேச்சுத் துணைக்கு வந்த ஆள்," என்றாள். பெண் குழந்தை பிறந்தது.

அடுத்த வருஷமே செவ்வாய்க்கிழமை பாஷை கற்க வரும் பெண்கள் ஆறு பேராகிவிட்டார்கள். நூல் மூட்டைகள் நிலவறைக்குப் போயின. சின்ன அறைக்கு ஐனார் ஒரு நீள மேசை செய்து போட்டான். பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் அகதிகளாக ஊருக்கு வந்தபோது, நகராட்சி தன் நூலகத்தில் ஓர் அறையை ஒதுக்கித் தோராவை டேனிஷ் வாத்தியாராகவே அமர்த்திக்கொண்டது. அப்போது அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. நஸ்லி துணை ஆசிரியை.

முதல் பாடம் உறவுப் பெயர்கள். தோரா பலகையில் "மோர்" என்று எழுதி, பக்கத்தில் குழந்தையோடு ஒரு பெண்ணை வரைந்தாள். கடைசி வரிசையில் சிவபாதம் என்பவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வந்து ஏழு மாதமாக முகாமில் அவர் பல்லைப் பார்த்தவர் கிடையாது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தெரிந்த கொஞ்ச டேனிஷை வைத்துக்கொண்டு அவர் எழுந்து சொன்னார்:

"ரீச்சர், எங்கட ஊரில மோர் எண்டா வெயிலுக்குக் குடிக்கிறது. உங்கட அம்மாவை நாங்கள் உப்புப் போட்டுக் குடிச்சிருக்கிறம்."

தோராவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எங்கள் ஊரில் அது நிறம் என்று நஸ்லி தன் பங்குக்குச் சொன்னாள். இந்த ஒரு சொல்லுக்காக நான் முன்பு நாலு நாள் முறுக்கிக்கொண்டு கிடந்தேன் என்று தோரா வகுப்புக்கே சொன்னாள். அடுத்த வாரம் இதுபோல் மொழிக்கு மொழி பொருள் மாறும் சொல் ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வாரம் கூட்டம் இரண்டு மடங்கு. உட்கார இடமில்லை. ஓய்வு பெற்று வீட்டிலிருந்த ஐனார் கைவண்டியை இழுத்துக்கொண்டு பக்கத்து விளையாட்டுக் கழகத்துக்குப் போய்ப் பதினாலு நாற்காலிகளைக் கேட்டு வாங்கி வந்தான். பதின்மூன்றை வரிசையாகப் போட்டுவிட்டு, பதினாலாவதில் தானே உட்கார்ந்துகொண்டான்.

"நானும் ஒரு வார்த்தை கொண்டாந்திருக்கேன்," என்றான்.

"கையைத் தூக்கிட்டுப் பேசு. உனக்கு முன்னாடி ஆறு பேர் காத்திருக்காங்க," என்றாள் தோரா.