வால்வு அக்காவும் பத்தாண்டுத் திட்டமும்

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவளை எல்லோரும் வால்வு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட. பதினெட்டு வருஷமாக அதே வேலை. காலை ஐந்தரைக்கு மோட்டார் அறையைத் திறந்து சுவிட்சைப் போடுவாள். பிறகு நீளமான இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், குழி மூடியைத் தள்ளி வால்வைத் திருகுவாள். தண்ணீர் வந்தால் யாரும் அவளைப் பற்றிப் பேசமாட்டார்கள். வராவிட்டால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள்.

திட்டக் குழுவில் அவள் சேர்ந்தது தற்செயல். தேய்ந்துபோன வாஷருக்குப் பதில் புதுசு கேட்கப் பஞ்சாயத்து அலுவலகம் போனாள். அடுத்த பத்து வருஷத்தில் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று ஊர்க்காரர்களே முடிவு செய்ய வேண்டுமாம், குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டுமாம். கிளார்க் நிமிர்ந்து பார்த்தார், எதிரில் இவள் நின்றாள், பெயரை எழுதிக்கொண்டார். வாஷர் கிடைக்கவில்லை.

முதல் கூட்டத்துக்குப் பள்ளிக்கூட ஹாலில் நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பதினொரு பேர். திட்ட அதிகாரி சுவரில் வரைபடத்தை ஒட்டி, ஆளுக்கு மூன்று வண்ணத்தில் ஸ்டிக்கர் கொடுத்தார். பூங்கா வேண்டிய இடத்தில் பச்சை, சாலைக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மூன்றையும் தன் வீட்டின் மேலேயே ஒட்டிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு கடைக்காரர்கள் பஸ் யார் கடை முன்னால் நிற்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் எல்லோர் கழுத்தையும் அறுத்தார்கள். மீதிப் பேர் இவள் பக்கம் திரும்பி, செவ்வாய்க்கிழமை தண்ணீர் ஏன் நூல் மாதிரி வந்தது என்று கேட்டார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்கு ஏழு பேர். தையல்காரரான அவள் கணவர் இரண்டுக்கும் வரவில்லை. ஆனால் வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்தால் ஊர்ச் சாலை பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். அதை அங்கே வந்து சொல்லக்கூடாதா என்று கேட்டால், தைக்க வேண்டிய துணி நிறைய இருக்கிறது என்பார்.

மூன்றாவது கூட்டத்தில் திட்டம் அச்சாகியே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பூங்கா, பெஞ்சு, வண்ண விளக்கு. மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கிற பள்ளம் அது. அவளுக்கு அதைவிட உறுத்தியது வேறு. வாய்க்கால் வரைக்கும் வந்து படம் முடிந்துபோயிருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத் தாள்.

“சார், இங்க நாப்பது வீடு இருக்கு” என்றாள்.

அதிகாரி தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “அது ஷீட்டுக்கு வெளிய வருதும்மா.”

“அவங்க வெளிய இல்ல சார். தினமும் நான்தான் போய்த் தண்ணி திறந்துவிடுறேன்.”

பொதுமக்கள் ஒப்புதல் என்ற கட்டத்தில் கையெழுத்து வேண்டும் என்று பேனாவை நீட்டினார்கள். அவள் பேனாவை வாங்கவில்லை. சுவரிலிருந்த வரைபடத்தை உரித்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஓரத்தில் இன்னொரு தாளை ஒட்டி, குழாய் போகிற வழியை நினைத்துப் பார்த்து, நாற்பது வீட்டையும் தன் கையாலேயே வரைந்தாள்.

மறுநாளிலிருந்து வரைபடமும் அவளோடு தெருவுக்கு வந்தது. வால்வு திறந்து குழாயில் தண்ணீர் வரப் பத்து நிமிஷம் ஆகும். குடத்தோடு நிற்பவர்கள் அந்த நேரத்தில் எங்கேயும் ஓட முடியாது. துவைக்கிற கல்லின் மேல் படத்தை விரித்து, என்ன வேண்டும் சொல்லுங்கள் என்றாள். முதலில் ஒன்றும் வேண்டாம் என்றார்கள். பிறகு நிறுத்தவே முடியவில்லை. தெருவிளக்கு வேண்டும், ஆனால் தன் ஜன்னலில் வெளிச்சம் விழக்கூடாது. வேகத்தடை வேண்டும், ஆனால் அடுத்த வீட்டு வாசலில். அவளுக்கு மண்டை காய்ந்தது. இந்த ஜனங்களுக்கு எதிர்காலம் ஒரு கேடா என்று வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு எல்லாவற்றையும் எழுதினாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போவதற்குக் குறுக்கே கிடத்திய இரண்டு பழைய மின்கம்பங்கள்தான். அங்கே அவள் நாத்தனார் வீடு. அண்ணி வேண்டுமென்றே தங்கள் தெருவுக்குத் தண்ணீரைக் குறைக்கிறாள் என்று கோபித்துக்கொண்டு இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை. அன்று நாத்தனார் படத்தின் மேல் குனிந்து தன் தெருவை விரலால் தேடினாள்.

“எங்க வீட்டைக்கூட வரைஞ்சிருக்கியா அண்ணி?”

“வரையாம?”

“அப்ப ஒரு பாலம்னு எழுது. பொண்ணுக்கு வலி எடுத்தப்ப இந்தக் கம்பத்து மேல எப்படி நடத்திக் கூட்டிட்டுப் போறது? சுத்திப் போக வேண்டியதாப் போச்சு. ஆஸ்பத்திரி வாசல் வர்றதுக்குள்ள வண்டியிலயே பொறந்துடுச்சு.”

வால்வு அக்கா எழுதினாள். எழுதும்போது யார் மேல் எரிச்சல் என்றே தெரியவில்லை. பதினெட்டு வருஷமாகத் தினமும் அதே கம்பங்களின் மேல் நடந்தவள் அவள். ஒரு நாளாவது பாலம் என்று வாயைத் திறந்ததில்லை. அதன் பிறகு வாய்க்காலைப் பற்றித் தானே கேட்க ஆரம்பித்தாள். பால்காரர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் அம்மாக்கள் என்று இரண்டு பக்கத்திலும் நூற்று அறுபது வீட்டில் அதையே சொன்னார்கள்.

எழுதியதையெல்லாம் அவள் அதிகாரியிடம் கொண்டுபோனபோது, திட்டப் பணத்தில் என்னென்ன செய்யலாம் என்ற பட்டியலை அவர் காட்டினார். ஒன்பது தலைப்பு. அதில் பாலம் கிடையாது, அது வேறு துறை, அங்கே விண்ணப்பித்தால் வருஷக்கணக்கில் ஆகும் என்றார். அவள் பட்டியலை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். எட்டாவது, அழகுபடுத்துதல்.

“பூங்காவுக்குள்ள அலங்காரப் பாலம் போடலாமா சார்?”

“அது போடலாம்மா.”

“அப்ப அந்தப் பூங்காவைப் பள்ளத்துலேர்ந்து எடுத்து வாய்க்காலோட ரெண்டு கரையிலயும் வைங்க. கையெழுத்துப் போடுறேன்.”

அவர் பேனாவை எடுத்தார். பிறகு பள்ளத்திலிருந்த பச்சையை அடித்துவிட்டு, வாய்க்கால் ஓரமாக வரைந்தார்.

ஒன்றரை வருஷம் இழுத்தது. கடைசியில் பாலம் வந்தது, இளஞ்சிவப்பு வண்ணத்தில், கைப்பிடி முழுக்கச் சிமென்ட் பூவோடு. பார்க்கக் கண்றாவியாக இருந்தாலும் ஆட்டோ போகிற அகலம் இருந்தது. முதல் நாள் காலை வால்வுச் சாவியோடு போனால், பாலத்து முனையில் இரும்புக் கதவு, பூட்டு, ஒரு பலகை: பூங்கா நேரம் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. பழைய கம்பங்களையும் எடுத்திருந்தார்கள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே கதவு மேல் ஏறிக் குதித்து, அந்தப் பக்கம் போய்த் தண்ணீர் திறந்துவிட்டாள். நேரே அலுவலகம் போய், கதவுச் சாவி தராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று கிளார்க் எதிரில் உட்கார்ந்தாள். மத்தியானம் கொடுத்தார்கள், கூடவே ஒரு ரிஜிஸ்டரும். இனிமேல் பூங்காவைத் திறப்பதும் மூடுவதும் அவள் பொறுப்பாம்.

மூடுவதாவது? அன்று திறந்த கதவை அவள் அப்புறம் மூடவே இல்லை. ரிஜிஸ்டரில் மட்டும் தினமும் மூடியதாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள்.