மருந்தடிக்காத கீரையும் என் சிறுநீரகமும்

செருப்பு சிறுத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் கால் வீங்கியிருப்பதைக் கவனித்தேன். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. வேடிக்கையாக இருந்ததால் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன்.

ஈப்போ மருத்துவமனையில், கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருக்கிறது என்றார்கள். டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) இப்போது வேண்டாம். கவனமில்லாவிட்டால் அடுத்தது அதுதான். பயந்துபோனேன்.

என் கணவர் தனபால் மலையிலுள்ள திரிங்காப் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அங்கே பூச்சிமருந்தடிப்பதை அன்றாடம் பார்ப்பவர். "இனிமே கடைக் காய் உனக்கு வேணாம்லா" என்று சொல்லி, எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டினார். கீரை, தக்காளி, கோஸ் நட்டு மாட்டெரு போட்டார், புழுவைக் கையால் பொறுக்கினார். இலையில் ஓட்டை விழுந்தால் அவருக்கு ஒரே சந்தோஷம், மருந்தில்லை என்பதற்கு அதுதான் சாட்சியாம். காலையில் எனக்குக் கீரைச் சாறு, மத்தியானம் கீரை மசியல், இரவு தக்காளி ரசம்.

அப்படிச் சாப்பிட்ட சில வாரங்களில் கால்கள் துவண்டன. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. பொட்டாசியம் (உடலிலுள்ள உப்புகளில் ஒன்று, மிகுந்தால் இதயத் துடிப்பைக் கெடுக்கும்) ஏறிவிட்டதாம். உடனே வார்டில் சேர்த்து ஊசி போட்டார்கள்.

என்ன சாப்பிட்டேன் என்று டாக்டர் கேட்டதும் இவர் பெருமையாக எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"நல்ல கீரைதான் அண்ணே. ஆனா மருந்து அடிச்சாலும் அடிக்காட்டியும் கீரையில பொட்டாசியம் இருக்கும்லா. இவங்க கிட்னி தாங்காது."

இவர் முகம் செத்துவிட்டது. எனக்கோ கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப மருந்தடிக்காத காயில என்னதான் லாபம் டாக்டர்?"

"மருந்து எச்சம் கொறச்சலா உள்ள போவும். நல்லதுதான். ஆனா வந்த நோவ அது தீர்க்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

வீடு திரும்பியதும் பாத்திச் செடிகளைப் பிடுங்கப் போனவரைத் தடுத்தேன். கோஸை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிடலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். இது எனக்குச் சொன்ன அளவு. உங்கள் அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

அன்று என் முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் பாத்திக் கோஸ். அவர் தட்டில் இருந்த கோஸில் ஓர் ஓட்டைகூட இல்லை.

"இது ஏது?"

"லோரியில மிஞ்சுனது. பாத்தி உனக்குலா."

"இத்தன நாளும் இதத்தான் சாப்பிட்டீங்களா?"

தலையை ஆட்டிக்கொண்டே மென்றார். நோய் என்று தெரிந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. தட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

இப்போது பாத்தியில் விளைவதில் பெரும்பங்கு அவருக்குத்தான். என் உடம்பு கேட்பது ஒரு கிண்ணம். என் காலம் அடுத்த இரத்தப் பரிசோதனை வரைக்கும். அவருடைய சிறுநீரகங்களுக்கு இன்னும் எத்தனையோ வருஷ வேலை இருக்கிறது.

"புழு தின்ன மிச்சத்த என் தலையில கட்டுறியா?" என்று முனகுகிறார். தட்டு காலியாகும்வரை அவரை நான் எழுந்திருக்க விடுவதில்லை.