மேலாளர் பார்த்தால் நிற்கும் டிக்கெட்

எங்கள் மேலாளரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகமில்லை, என்டர் பட்டன் மேல் ஓயாமல் விழுந்துகொண்டிருந்த அவருடைய சுண்டுவிரல்தான். திருச்சி அரியமங்கலத்தில் ஒரு தனியார் பேருந்து நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்குக் கீழே நான் வேலை பார்த்தேன். சீட்டு விவரம் ஒரு இயந்திரத்தில், பணம் வந்த விவரம் இன்னொன்றில். இரண்டும் 'சரி' என்றால்தான் கவுண்டரில் டிக்கெட் வரும். ஒன்று சொல்லி மற்றது சொல்லாவிட்டால் டிக்கெட் அந்தரத்தில் நிற்கும். எது நிற்கிறது, எது போய்விட்டது என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. மேலாளர் காபி குடிப்பதற்கு முன் அதை ஒரு தடவை அடிப்பார், குடிக்கும்போது ஒரு தடவை, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை.

அந்தப் பொங்கலுக்கு அவரைப் பயம் பிடித்துக்கொண்டது. கூட்ட நாட்களில் டிக்கெட் தடைபட்டால் எங்கள் பிரிவையே சென்னைக்கு மாற்றிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மேலாளரோ ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டி, அப்போதுதான் பால் காய்ச்சிக் குடிபோயிருந்தார். புது வீட்டைப் பூட்டிவிட்டுத் தாம்பரத்தில் வாடகைக்கு இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் திரையில் அரை டஜன் விண்டோக்களைத் திறந்து, எல்லாவற்றிலும் அந்தக் கட்டளை தானாகவே ஓடிக்கொண்டிருக்கும்படி செய்தார்.

டிக்கெட் நத்தை மாதிரி வர ஆரம்பித்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு கவுண்டரில் ஒரே சண்டை. யாருடைய கண்ணோ பட்டுவிட்டது என்று கணக்குப் பிரிவு அக்கா அடித்துச் சொன்னார். ஆபீஸ் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தோம். கூரியர்காரரின் பைக் அதில் சறுக்கியதுதான் மிச்சம்.

மறுநாள் மேலாளருக்குப் பல்வலி. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டாக்டரிடம் போனார். டிக்கெட்டெல்லாம் மளமளவென்று வந்தது. வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடி நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கட்டளை வரும்போதெல்லாம் இயந்திரம் மற்ற வேலைகளை நிறுத்திவைத்து, எண்ணிப் பார்த்துப் பதில் சொல்கிறது. அக்கா சொன்னது சரிதான், கண் மேலாளருடையது.

"சார், நீங்க பாக்கறதாலதான் அது நிக்குது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "பாக்காம எப்படிம்மா இருக்கறது?" என்று கேட்டார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

எல்லா விண்டோக்களையும் மூடினார். மூடிவிட்டு, ஒவ்வொரு கவுண்டருக்கும் போன் போட்டு டிக்கெட் வருகிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே யாராலும் டிக்கெட் கொடுக்க முடியவில்லை. சாரை எப்படியாவது பிடித்து வைக்கும்படி சத்திரம் கவுண்டர்காரர் என்னிடம் கெஞ்சினார். கடைசியில் நானும் அக்காவும் சேர்ந்து, புது வீட்டுக்குப் போன பிறகு பெருமாளைச் சேவித்தீர்களா என்று கேட்டு, அவரை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.

சாயங்காலம் வந்தார். அவர் போனதிலிருந்து ஒரு டிக்கெட்கூட நிற்கவில்லை. அவர் அதைக் கேட்கவே இல்லை.

"வரிசையில எனக்கு முன்னாடி ஒருத்தர் பெருமாளைப் பாத்துக்கிட்டே அசையாம நின்னுட்டாரும்மா. பின்னாடி அத்தனை பேரும் நின்னுட்டோம். எனக்கு அப்படி ஒரு கோபம். அப்புறம்தான் தோணுச்சு, அந்த ஆளு நான்தான்னு."

எங்கள் பிரிவு திருச்சியிலேயே இருந்துவிட்டது. அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு நான் வந்தேன். இப்போதெல்லாம் கட்டளை அடிக்க வேண்டியதில்லை, வண்ணத் திரை தானே எல்லாவற்றையும் காட்டுகிறது. ஆனாலும் பொங்கல் கூட்டம் தொடங்கும் காலையில் அவரிடமிருந்து தவறாமல் போன் வரும். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்பார். பிறகு பேசாமல் இருப்பார், போனை வைக்கவும் மாட்டார்.

"எல்லாம் ஓடுது சார்" என்பேன்.

"நான் கேக்கலையேம்மா" என்பார்.