வெள்ளிக்கிழமைத் தீனி

புளியறை டீக்கடை முன்னால் ஒரு லாரிக்காரர் சொன்னார். "நம்ம கடையநல்லூர் பீர் முகமது போயிட்டாரு. மஞ்சக்காமாலை. நேத்தே அடக்கம் பண்ணிட்டாவ." நான் இறால் அடைத்த ஐஸ் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சைப் போட்டு முடித்தேன். அதன் பிறகுதான் செய்தி உள்ளே இறங்கியது.

அவரை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு: தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், வயலை வெட்டி அமைத்த நன்னீர் இறால் குளத்தில் தீனி பிசைந்தவர். அதற்கு முன் தறி நெய்தவர். நான் விலங்கியல் படித்துவிட்டு அங்கே பதிவேடு எழுதினேன். என்னைவிட நாலு வயது மூத்தவர். "படிச்ச ஆளு தள்ளி நில்லும்வே, சட்டையில கருவாட்டு வாடை ஒட்டிரும்" என்பார்.

எண்பதுகளின் தொடக்கம். குளத்துக்குச் சொந்தக்காரரான பிள்ளை அண்ணாச்சி சுத்த சைவம். இறால் வளர்த்தார், தொட்டதில்லை. முதல் வருடம் இறால்கள் ஒன்றையொன்று தின்றன. ஓடு கழற்றி மெத்தென்று கிடப்பவை, காலையில் பாதிதான் மிஞ்சும். மறுவருடமும் அதே கதை தொடங்கியது. இந்த அறுவடையும் போனால் குளத்தைத் தூர்த்து நெல் போடுவது என்று அண்ணாச்சியின் தம்பி சொல்லிவிட்டார். பீருக்கு அவருடைய அண்ணன் துபாயில் வேலை பார்த்து வைத்திருந்தார். குளம் போனால் அவரும் போகவேண்டும். மனமில்லை. "அங்கன மணலுக்கு யாருவே தீனி போடுதது?"

தீனியில் புரதம் போதவில்லையோ என்று நான் சந்தேகித்தேன். தீனி என்பது கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், தவிடு. சாரல் காலத்தில் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடிக்கும். மாற்றினேன். தேங்காய்ப் பிண்ணாக்கு. பிறகு எள்ளுப் பிண்ணாக்கு. சாவு நிற்கவில்லை.

ஒரு காலை பீர் என் பதிவேட்டைப் புரட்டினார்.

"கெழமையக் காணுமே?"

"தேதி இருக்கே."

"தேதிய வச்சு என்னத்தச் செய்ய? நான் ஜும்மாவுக்குப் போயிட்டு வந்த மறுநாளுதான் துண்டு துண்டாக் கெடக்கு."

காலண்டரோடு ஒப்பிட்டேன். சனிக்கிழமைகள். அமாவாசைக்கு மறுநாள். கிருத்திகைக்கு மறுநாள். அண்ணாச்சிக்கு விரத நாளென்றால் அந்த இடத்தில் கருவாடு புழங்காது. பிண்ணாக்கும் தவிடும் மட்டும் போகும். எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை மீன் கிடையாது. ஆகவே அதை எழுதவேண்டிய செய்தியாக நான் நினைக்கவேயில்லை.

பீர், குளத்தில் இறக்கி வைக்கும் தீனித் தட்டோடு அண்ணாச்சி முன்னால் போய் நின்றார். தட்டில் ஒரு பாதி இறால்.

"அண்ணாச்சி, விரதம் உங்களுக்கா, இறாலுக்கா?"

"என் எடத்துல வெள்ளிக்கெழம மீன் புழங்கக் கூடாதுல்லா."

"புழங்குதே. நீங்க கருவாடு கொடுக்கல. அதுக ஒண்ண ஒண்ணு திங்குதுக. நாம போட்டா செத்த மீனு. போடாட்டா, உங்க விரதத்தன்னைக்கு உங்க குளத்துல கொல நடக்கு."

அண்ணாச்சி தட்டைக் குனிந்து பார்த்தார்.

"போடும்வே" என்றார். "வாடை மட்டும் வீட்டுப் பக்கம் வரப்பிடாது."

அடுத்த சனிக்கிழமை தட்டில் வெறும் ஓடுகள். முழு ஓடுகள். கழற்றிப் போட்டுவிட்டு உயிரோடு நீந்திப் போனவை விட்டுச் சென்றவை.

அறுவடையன்று பீர் இடுப்பளவு சேற்றில் நின்றார். நீலக் கால் இறாலைத் தலைக்கு மேல் தூக்கினார். கூடைக்கு மேல் கூடை. கூடை பிடித்தவர், நெல் போடச் சொன்ன அதே தம்பி. "சின்ன அண்ணாச்சி, நாத்து எப்பம் நடுதீய?" என்று பீர் கேட்க, கரை முழுக்கச் சிரித்தது. தம்பியும் சிரித்தார். அண்ணாச்சி மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு, கடைசிக் கூடை ஏறும்வரை நின்றார். பீர் துபாய் போகவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது சிறியது. இன்றும் குளத்துப் பதிவேட்டில் தேதிக்குப் பக்கத்தில் கிழமை எழுதுகிறேன். எல்லோருக்கும் தெரிந்ததையும் எழுதுகிறேன்.

இன்று வெள்ளி. கருவாட்டுத் தூள் சேர்த்துப் பிசைந்து, தீனி போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.