முன்கதை சொன்ன மேட்னி

என்னைப் போன்றவன் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை யாரிடமாவது சொல்லிவிடலாம் என்று பல தடவை முயன்றேன். பாதியில் குரல் நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

சைதாப்பேட்டையில் ஒரு தியேட்டரில் ஆப்பரேட்டராக இருந்தேன். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மேலே ஒரு சின்ன அறை, இரண்டு புரொஜக்டர், திரையைப் பார்க்க ஒரு சதுர ஓட்டை. அவ்வளவுதான் என் உலகம். வீட்டுக்கு வீடு கேபிள் வந்த பிறகு கூட்டம் குறைந்துகொண்டே போனது. தியேட்டரை வாங்கிக் கல்யாண மண்டபம் ஆக்க தி.நகர் ஜவுளி வியாபாரி ஒருவர் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். மண்டபத்தில் ஆப்பரேட்டருக்கு என்ன வேலை? எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி ஒரு விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகத்தைத் திரையிட வாங்கினார். முதல் பாகம் பல வருஷம் முன்னால் எங்களிடம் இங்கிலீஷிலேயே நூறு நாள் ஓடியது. க்யூ பாலம் வரை நின்றது. இரண்டாம் பாகத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்திருந்தார்கள்.

“இது மட்டும் ஒரு வாரம் நின்னு ஓடட்டும், மண்டபக்காரனை வேற எடம் பாத்துக்கச் சொல்லிடறேன்” என்றார் முதலாளி.

ஆனால் வியாழக்கிழமை விநியோகஸ்தரின் ஆள் வந்து வேறு சேதி சொன்னார். ஏற்கெனவே படம் ஓடும் வடசென்னையில் இடைவேளையிலேயே ஜனங்கள் எழுந்து போகிறார்களாம். படம் முழுக்கப் பழைய கதையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறதாம். முதல் பாகம் பார்க்காதவனுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. பார்த்தவனுக்கோ எல்லாம் மறந்துவிட்டது.

முதலாளி என்னைப் பார்த்தார். “நீ நூறு நாள் ஓட்டினவன். படம் போடறதுக்கு முன்னால மைக்ல முன்கதை சொல்லு. வாரப் பத்திரிகை தொடர்கதையில போடறான் இல்ல, அந்த மாதிரி.”

“ஸ்லைடு போட்டுடலாமே மொதலாளி?”

“ஸ்லைடை எவன்யா படிக்கறான்? மொகத்தைப் பாத்தாதான் நம்புவான். திரை முன்னால நின்னு சொல்லு.”

அன்று சாயங்காலம் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். “உலை கொதிக்கறது கேக்குது, நீங்க பேசறது கேக்கலையே” என்றாள் என் மனைவி.

படப்பெட்டி வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை. மேட்னிக்குப் பாதி ஹால் நிறைந்திருந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிறகு, எப்படியோ, கதை என்னை இழுத்துக்கொண்டு போனது. எரிந்துபோன கிரகம், உடைந்த கப்பலில் கதாநாயகனும் கதாநாயகியும், தப்பிக்க ஒரே ஒரு சின்ன ஓடம். அதில் ஒருவருக்குத்தான் இடம். கடைசிக் காட்சியைச் சொன்னேன்: “அவன் அவளை உள்ள ஏத்திட்டு, வெளியில நின்னு கதவைத் தானே சாத்திட்டான். கண்ணாடியில கையை வெச்சு போய்ட்டு வான்னு சொன்னான்.” முன் வரிசையில் ஒருவர் “த்சொ, பாவம்” என்றார். அறைக்கு ஓடிப்போய்ப் படத்தைப் போட்டபோது, பிழைத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

இரண்டாவது ரீலில் அதே பழைய காட்சியை எடுத்துப் போட்டிருந்தார்கள். கண்ணாடி, அதன் மேல் அவன் கை. பின்னணியில் கதாநாயகியின் குரல் தமிழில் பேசியது: “கதவைச் சாத்தியது நான்தான். அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.”

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நூறு நாளும் அந்தக் கை விடைகொடுக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஹால் மொத்தமும் என் ஓட்டையைத் திரும்பிப் பார்த்தது.

“யோவ் ஆப்பரேட்டரு! இன்னா நைனா கதை உட்டுக்கினு இருந்த?”

“தானே சாத்திக்கினானாமே, அவன் இன்னா வாட்ச்மேனா?”

அதன் பிறகு திரையில் எந்தக் கதவு மூடினாலும், “சாத்தினது யாரு?” என்று ஒரு குரல் கேட்கும். “ஆப்பரேட்டரு!” என்று ஹாலே பதில் சொல்லும். சோகக் காட்சிக்கெல்லாம் சிரித்தார்கள். பாதிப் பேர் இடைவேளைக்குப் பிறகு திரும்பவில்லை.

முதலாளி மேலே ஏறி வந்தார். “சாயங்கால ஷோவுக்காவது சரியா சொல்லு.”

“சரியா சொன்னா படத்துல மிச்சம் ஒண்ணுமே இல்ல மொதலாளி. அந்த ஒரு ரகசியம்தான் படமே.”

“சொல்லலைன்னா ஹால்ல மிச்சம் ஒருத்தன் இருக்க மாட்டான்.”

சாயங்காலம் மறுபடி திரை முன்னால் நின்றேன். வந்தவர்களே கொஞ்சம். எப்படியோ சேதி பரவியிருந்தது. “டேய், கதவு அண்ணாத்தே வந்துட்டாருடா” என்று ஒருவன் கை தட்டினான். சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: அவள் அவனை விட்டுவிட்டுப் போனாள். வாய் திறந்தேன். மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேலே போய் ஹால் விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டேன்.

இடைவேளைக்குள் முன் வரிசைகள் காலி. முதலாளி என் பக்கத்தில் நின்று ஓட்டை வழியே வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“நானும் அவன் அவளுக்காக நின்னுட்டான்னுதான்யா நெனச்சிருந்தேன்” என்றார். பிறகு ஜவுளி வியாபாரிக்குப் போன் பண்ணக் கீழே இறங்கிப் போனார்.

மறுநாள் காலை இரண்டு பேர் டேப்போடு வந்து ஹாலை அளந்தார்கள். ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன்.