சிவப்பு மூடி

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் வெயிலில் கருத்த, மெலிந்த மனிதர். மடியில் இரண்டு வயது மகள். சட்டைப்பையிலிருந்து சோடாப் போத்தல் மூடிகளை எடுத்து அவள் கையில் கொட்டினார்.

"சிவப்பு எது மகள்?" என்று கேட்டுவிட்டு, அவள் தேடி எடுக்கும்வரை வாய் திறக்கவில்லை.

என் மடியில் இருந்த மகனுக்கும் அதே வயதுதான். 'அம்மா' தவிர வேறு சொல் வரவில்லை. விளையாட்டுச் சாமான் வாங்கிக்கொடுக்க வசதியில்லாததுதான் காரணமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் மூடிகளை என் மகனிடமும் நீட்டி அதையே கேட்டார். வழக்கம்போல அவனுக்காக நான் பதில் சொல்லப் போனேன்.

"கொஞ்சம் பொறுங்க தங்கச்சி, தம்பி தேடுறார்."

பொறுத்தேன். மகன் ஒரு சிவப்பு மூடியைத் தூக்கிக் காட்டி, "சிப்பு" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவருக்கே குடுப்போம். வீட்டில இன்னும் கிடக்குதானே மகள்?" என்று மூடிகளைத் தந்துவிட்டு, கண்டக்குழிச் சந்தியில் இறங்கினார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தப் பஸ் சத்தத்துக்குள், யாரோ ஒரு பிள்ளைக்காக அவ்வளவு நேரம் காத்திருக்க அவரால் எப்படி முடிந்தது?